நடுவர் நாற்காலியில் குழந்தைகள்! பிரிட்டனின் 'சில்ட்ரன்ஸ் புக் அவார்டு' பற்றி தெரியுமா?

குழந்தைகளுக்காக எழுதுற புத்தகத்துல எது பெஸ்ட்னு முடிவு பண்றது யாரு? பெரும்பாலும் பெரியவங்கதான். பிரிட்டனின் புகழ்பெற்ற கார்னகி விருதுக்குக்கூட நூலகர்கள்தான் நடுவர்கள்.

ஆனால், 1980-ல் தொடங்கப்பட்ட 'சில்ட்ரன்ஸ் புக் அவார்டு' அப்படியில்லை. இதில் வெற்றியாளரை முழுக்க முழுக்கக் குழந்தைகளே தேர்வு செய்கிறார்கள்.

எப்படி தேர்வு நடக்கிறது?

புதிதாக வெளியான புத்தகங்களைக் குழந்தைகள் படித்து மதிப்பெண் போடுவார்கள். அதிலிருந்து இறுதிப்பட்டியல் உருவாகும். வயதுக்கு ஏற்ப 3 பிரிவுகள். பிறகு வாக்கெடுப்பு.

விழாவில் என்ன ஸ்பெஷல்?

ஓட்டுப் போட்ட மாணவர்களில் சிலர், எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் நேரிலேயே சந்திக்கலாம். படக்கதை என்றால், எழுதியவரோடு படம் வரைந்தவருக்கும் விருதில் பங்கு உண்டு. ஜெயிக்காதவர்களும் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இறுதிப்பட்டியலில் உள்ள எல்லோருக்கும் குழந்தைகள் எழுதிய கடிதங்கள், விமர்சனங்கள், வரைந்த படங்கள் அடங்கிய தொகுப்பு பரிசாகக் கிடைக்கும்.

குழந்தைகள் கணிப்பு சரியா இருக்குமா?

ஒரே ஒரு உதாரணம் போதும். 1997-ல் வெளியான முதல் ஹாரி பாட்டர் புத்தகத்துக்கு, அந்த ஆண்டுக்கான கார்னகி விருதில் பாராட்டு மட்டுமே கிடைத்தது. பதக்கம் டிம் பௌலரின் 'ரிவர் பாய்' நாவலுக்குப் போனது. ஆனால், குழந்தைகள் தங்கள் விருதை ஹாரி பாட்டருக்கே கொடுத்தார்கள். அப்போது ஜே.கே.ரௌலிங் உலகம் அறிந்த பெயர் கிடையாது. அதுக்கப்புறம் நடந்ததுதான் எல்லாருக்கும் தெரியுமே!