மேரி கெல்லி யார்? ஒரே வாயிலிருந்து வந்த வரலாறு

1888 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை. கிழக்கு லண்டன், டோர்செட் தெருவை ஒட்டிய மில்லர்ஸ் கோர்ட் என்ற சந்து. காலை பத்தே முக்கால் மணிக்கு வாடகைப் பாக்கி வாங்கப் போன தாமஸ் போயர், 13ஆம் எண் அறையின் உடைந்த சன்னல் வழியே எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு பெண் கொலையுண்டு கிடந்தார். அவர்தான் மேரி ஜேன் கெல்லி. 'ஜேக் தி ரிப்பர்' கொன்றதாகப் பொதுவாகச் சொல்லப்படும் ஐந்து பெண்களில் கடைசியானவர்.

கொலைகாரன் யார் என்று அலசும் நூல்கள் எக்கச்சக்கம். நாம் கேட்கப்போவது வேறு கேள்வி. இறந்துபோன அந்தப் பெண் யார்? எங்கே பிறந்தார்? மூலங்களை எடைபோடப் பழகும் மாணவர்களுக்கு இது நல்ல பயிற்சி.

முதலில், வழக்கமாகச் சொல்லப்படும் கதை. அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் வேல்ஸுக்குக் குடிபெயர்ந்தது. தந்தை ஜான் கெல்லி, இரும்பாலையில் மேற்பார்வையாளர். பதினாறு வயதில் டேவிஸ் என்ற நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியை மணந்தார். அவர் சுரங்க வெடிவிபத்தில் இறந்தார். பிறகு கார்டிஃப், அங்கிருந்து 1884 வாக்கில் லண்டன், இடையில் சில நாள் பிரான்ஸ். சாகும்போது வயது சுமார் 25.

கதை கோவையாகத்தான் இருக்கு. ஆனால் இதையெல்லாம் யார் சொன்னது?

ஜோசப் பார்னெட். பில்லிங்ஸ்கேட் மீன் சந்தையில் சுமை தூக்கியவர். 1887 ஏப்ரல் முதல் 1888 அக்டோபர் கடைசி வரை மேரியோடு வாழ்ந்தவர். நவம்பர் 12ஆம் தேதி ஷோர்டிச் நகர மண்டபத்தில் நடந்த மரண விசாரணையில் அவர் கொடுத்த சாட்சியமே இந்தக் கதைக்கு முக்கிய ஆதாரம். அவருக்கும் இதெல்லாம் நேரில் தெரியாது. மேரி சொன்னதைத்தான் திருப்பிச் சொன்னார். சாட்சியம் அந்தக் காலத்திலேயே பதிவானதுதான், சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் செய்தி காதால் கேட்டது. மாணவர்கள் பலர் கோட்டை விடும் இடம் இதுதான். முதல்நிலை மூலம் என்றாலே உண்மை என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சரி, ஆவணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல். அயர்லாந்தில் எல்லாருடைய பிறப்பையும் அரசாங்கம் பதியத் தொடங்கியது 1864இல். மேரி பிறந்தது 1863 வாக்கில். ஓராண்டு இடைவெளியில் கை நழுவிப் போகிறது! அயர்லாந்தின் 1861, 1871 குடிக்கணக்கெடுப்பு ஏடுகளும் பாதுகாக்கப்படாமல் அழிக்கப்பட்டுவிட்டன. கெல்லி என்பது அயர்லாந்தில் மலிந்து கிடக்கும் பெயர். வேல்ஸில் டேவிஸும் அப்படித்தான். வேல்ஸில் எந்த ஊர் என்றால், கார்மார்தனா கார்னார்வனா என்று பார்னெட்டுக்கே உறுதியில்லை. ஒன்று தெற்கே இருக்கு, மற்றது வடமேற்கே.

மற்றவர்கள் சொன்னதும் ஒத்துப்போகவில்லை. மேரிக்கு அயர்லாந்திலிருந்து தாயின் கடிதம் வரும் என்றார் வீட்டுக்காரர் மெக்கார்த்தி. மேரி தன்னை வேல்ஸ்காரி என்று சொல்லிக்கொண்டதாக ஃபீனிக்ஸ் என்ற பெண் சொன்னார். பெயரைக்கூட அவர் 'மேரி ஜேனெட்' என்று பிரெஞ்சுப் பாணியில் மாற்றிச் சொல்லிக்கொண்டார்.

அப்படியானால் மேரி பொய் சொன்னாரா? அவசரப்பட வேண்டாம். ஐவரில் இன்னொருவரான எலிசபெத் ஸ்டிரைடைப் பாருங்க. 1878இல் தேம்ஸ் ஆற்றில் மூழ்கிய 'பிரின்சஸ் ஆலிஸ்' கப்பலில் கணவரையும் பிள்ளைகளையும் பறிகொடுத்ததாக அவர் சொல்லி வந்தார். ஆவணப்படி அவர் கணவர் இறந்தது 1884இல். அதே ஸ்டிரைடு சுவீடனில் பிறந்தவர் என்பதை ஆவணங்களே உறுதி செய்கின்றன. ஒருவர் சொன்ன கதையில் ஒரு பகுதி பொய் என்பதால் முழுவதும் பொய்யாகிவிடாது. வறுமையில் வாழ்ந்தவர்கள் இரக்கத்துக்காகவோ மானத்துக்காகவோ தம் கதையை மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஸ்டிரைடின் கதையைச் சோதிக்க ஆவணம் கிடைத்தது. மேரிக்கு அது கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

அறிவியலும் கைகொடுக்கவில்லை. 2015இல் நூலாசிரியர் ஒருவர், மேரி தம் குடும்பத்தைச் சேர்ந்த பெண் என்றார். எலும்பைத் தோண்டி எடுத்து மரபணுச் சோதனை செய்யலாமா என்று லெஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். கல்லறையின் சரியான இடம் தெரியாததால் பிறருடைய கல்லறைகள் பலவற்றையும் கலைக்க நேரும் என்று 2017இல் அறிக்கை தந்தார்கள்.

நவம்பர் 19ஆம் தேதி லேட்டன்ஸ்டோன் கத்தோலிக்க இடுகாட்டில் மேரியை அடக்கம் செய்தபோது தெருவெல்லாம் கூட்டம். உறவினர் என்று ஒருவரும் வரவில்லை.

தேர்வு எழுதும் மாணவர்களே, இந்த இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள். "மேரி கெல்லி லிமரிக்கில் பிறந்தார்." "தாம் லிமரிக்கில் பிறந்ததாக மேரி கூறினார் என்று பார்னெட் சாட்சியம் அளித்தார்." இரண்டாவது நீளம்தான், ஆனால் அதுதான் வரலாறு. முதலாவதை எழுதும்போது, நமக்குத் தெரியாத ஒரு பெண்ணுக்கு நாமே ஊரும் பேரும் கொடுத்துவிடுகிறோம். எல்லாவற்றையும் இழந்த ஒருத்தியின் வாழ்க்கையை நம் வசதிக்கு இட்டுக்கட்டாமல் இருப்பதும் அவருக்கு நாம் செய்யும் மரியாதைதான்.