இராத்திரி இரண்டு மணி வேலை

பிரெஞ்சில் கம்ப்யூட்டருக்கு 'ஓர்தினாத்தேர்' என்று பெயர். 1955-இல் ஐபிஎம் நிறுவனத்தின் பிரான்ஸ் கிளை கேட்டதற்கிணங்க, இலத்தீன் பேராசிரியர் ழாக் பெரே யோசித்துக் கொடுத்த சொல். ஒழுங்குபடுத்துபவர் என்று பொருள் கொள்ளலாம். பிரெஞ்சு வழியில் படித்த என் போன்ற புதுச்சேரிக்காரர்களுக்கு, கணக்குப் போடுவது என்னும் இங்கிலீஷ் சொல்லைவிட இதுவே பொருத்தமாகப் படும். எதை, எப்போது, எந்த வரிசையில் செய்வது என்பதுதானே அதன் பாதி வேலை?

சாப்ட்வேர் கம்பெனிகளில் 'பில்ட்' என்கிறார்களே, அது நம் ஆபீஸில் ஆண்டறிக்கை தயாரிப்பது போன்றது. ஒவ்வொரு பிரிவும் எழுதிக் கொடுத்த வரைவு தனித்தனியே சரியாகத்தான் இருக்கும். ஒன்றாகக் கட்டும்போதுதான் மூன்றாம் பக்கத்துத் தொகை முப்பதாம் பக்கத்தோடு இடிக்கும். புரோகிராமும் அப்படியே. பலர் எழுதியதைச் சேர்த்து, இயந்திரம் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றி, சோதித்துப் பார்ப்பதுதான் பில்ட்.

இதைத் தானாகச் செய்யும் முயற்சி 1976-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கியது. ஒரு புரோகிராமர் பிழையைத் திருத்திவிட்டு, திருத்திய பகுதியை மறுபடி கம்பைல் செய்ய விட்டுவிட்டார். சரியான புரோகிராமில் இல்லாத தவற்றைத் தேடி ஒரு காலைப்பொழுது போயிற்று. அந்தப் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் 'மேக்'. எந்தக் கோப்பு மாறியதோ அதைச் சார்ந்தவற்றை மட்டும் புதுப்பிக்கும். ஐம்பது வருஷமாகியும் புழக்கத்தில் இருக்கிறது.

நேரம் பார்த்து வேலை செய்ய வேறொருவர் வேண்டுமல்லவா? அவர் பெயர் 'க்ரான்'. கிரேக்கத்தில் காலத்தைக் குறிக்கும் 'க்ரோனோஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 1979-இல் வந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே உண்டு. நிமிஷத்துக்கு ஒரு தரம் விழித்துப் பட்டியலைப் பார்க்கும். நம் ரிமைண்டர் டைரி மாதிரிதான். ஒவ்வொரு வரியிலும் ஐந்து கட்டங்கள்: நிமிஷம், மணி, தேதி, மாதம், கிழமை. எதுவானாலும் சரி என்றால் நட்சத்திரக் குறி.

1987-இல் பால் விக்ஸி எழுதிய க்ரான் பரவலாயிற்று. அதில் ஒரு வேடிக்கை. தேதிக்கு 13, கிழமைக்கு வெள்ளி என்று எழுதினால், பிரெஞ்சுக்காரர்கள் பேசும் அந்த 'வாந்த்ரதி த்ரேஸ்' அன்று மட்டும் ஓடும் என்று நினைப்போம். இல்லை. எல்லாப் பதின்மூன்றாம் தேதியிலும் ஓடும், எல்லா வெள்ளிக்கிழமையிலும் ஓடும்!

தொண்ணூறுகளில் மைக்ரோசாப்ட் விண்டோஸ் என்.டி. தயாரித்தபோது தினசரி பில்ட் கட்டாயமாக இருந்தது. பில்டை உடைத்தவன் என்று பெயரெடுப்பது பெரிய அவமானம். பிறகு சன் நிறுவனத்தில் இருந்த கோசுகே கவாகுச்சி 'ஹட்சன்' என்ற மேலாளர் புரோகிராமை எழுதினார். சன்னை ஆரக்கிள் வாங்கியதும் பெயருரிமைத் தகராறு வந்து, 2011-இல் அது 'ஜென்கின்ஸ்' ஆயிற்று. சின்னம் ஒரு பட்லர்.

எல்லாரும் நள்ளிரவு 12 என்றே எழுதி வைத்ததால் மற்ற நேரம் சும்மா கிடந்த சர்வர், அந்த நிமிஷத்தில் திணறியது. சம்பள நாள் கருவூல வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்காக ஜென்கின்ஸில் 'ஹெச்' என்று ஓர் எழுத்தை வைத்தார்கள். நிமிஷக் கட்டத்தில் அதைப் போட்டால், ஒவ்வொரு வேலைக்கும் அதன் பெயரை வைத்து வெவ்வேறு நிமிஷத்தை அதுவே ஒதுக்கும். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

இப்போது ஐந்து கட்டத்தையும் மனிதர் எழுத வேண்டியதில்லை. ஏ.ஐ. ஏஜென்டிடம் பேச்சுவழக்கில் சொன்னால் போதும். இதற்கான வெளிக் கருவிகளோடு ஏஜென்டை இணைக்க, 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் ஒரு பொது நெறிமுறையையும் வெளியிட்டது.

பெங்களூரில் இருக்கும் என் பேரன், "திங்கள் முதல் வெள்ளி வரை இராத்திரி 2 மணிக்கு பில்ட் ஓடட்டும்" என்று ஏஜென்டிடம் சொல்லியிருக்கிறான். அது எழுதியது: 30 20 * * 1-5. சர்வர் ஓடுவது உலகப் பொதுநேரத்தில். நம் நேரம் ஐந்தரை மணி முன்னால். ஆக நம் 2 மணி அங்கே 20:30. மணியைச் சரியாகத்தான் மாற்றியிருக்கிறது. ஆனால் நமக்குத் திங்கள் விடியுமுன் 2 மணி என்பது அங்கே ஞாயிறு இரவு. கிழமையை மாற்றவில்லை. விளைவு, செவ்வாயில் தொடங்கிச் சனியில் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை சேர்த்த திருத்தங்கள் சோதனையே ஆகாமல் திங்கள் காலை மேஜைக்கு வந்தன. இரண்டு வாரம் யாரும் கவனிக்கவில்லை. பிழை எதுவும் வரவில்லையே, எல்லாம் பச்சை விளக்கு!

"கிழமையை யார் சரிபார்த்தது?" என்று கேட்டேன்.

"அதுதான் தாத்தா, அப்ரூவல் என் பேரில்தான் இருக்கு."

நான் யு.டி.சி.யாக இருந்த காலத்தில் டைப்பிஸ்ட் எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் ஓரத்தில் ஒப்பிட்டவர் சுருக்கொப்பம் இல்லாமல் கடிதம் வெளியே போகாது. பேரன் இப்போது 1-5 என்பதை 0-4 ஆக்கிவிட்டான். இனி ஏஜென்ட் நேரத்தை மாற்றினால், அடுத்து ஓடவிருக்கும் ஏழு தேதிகளை இந்திய நேரத்தில் கிழமையோடு அச்சிட்டுக் காட்டிய பிறகே ஒப்புதல் கேட்க வேண்டும் என்றும் விதி எழுதியிருக்கிறான்.