ஒரு மஞ்சள் ஹெல்மெட்டின் முன்னோர்கள்

பிரேசில் கார் பந்தய வீரர் அயர்ட்டன் சென்னாவின் முகம் மறந்துபோனவர்களுக்குக்கூட அந்த மஞ்சள் ஹெல்மெட் மறக்காது. 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் அவர் இறந்ததிலிருந்து, அவருக்காகத் துக்கம் காட்ட நினைக்கும் கார் பந்தய உலகம் அந்த மஞ்சளைத்தான் எடுத்துப் பூசிக்கொள்கிறது. ஆனால் பந்தய வீரனுக்காக ஊரே அழுவதும், மாண்டவனின் தலைக்கவசத்தைக் கும்பிடாத குறையாகப் போற்றுவதும் பெட்ரோல் எஞ்சினுக்கு எத்தனையோ நூற்றாண்டு மூத்த பழக்கங்கள்.

பண்டைய ரோமில் தேர்ப் பந்தய அணிகளுக்கு நிறமே பெயர்: சிவப்பு, வெள்ளை, நீலம், பச்சை. சிவப்பு அணியின் ஃபெலிக்ஸ் என்ற தேரோட்டிக்குச் சிதை மூட்டியபோது ரசிகன் ஒருவன் அதில் பாய்ந்துவிட்டான் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதிவைத்திருக்கிறார். அதைவிடச் சுவையானது எதிரணியினரின் மறுப்பு. துக்கமாவது ஒன்றாவது, வாசனைத் திரவியங்களின் நெடியில் தலைசுற்றி விழுந்திருக்கிறான் என்றார்களாம். செத்தவனுக்குக் கூடுதல் புகழ் சேர்ந்துவிடக் கூடாதே! 2,048 வெற்றிகள் கண்ட தேரோட்டி ஸ்கோர்ப்பஸ் 27 வயதில் இறந்தபோது கவிஞர் மார்ஷியல் இரங்கற்பா பாடினார்.

ரோமானியத் தேரோட்டிகளும் தோல் கவசம் அணிந்தவர்கள்தாம். ஆனால் கவசத்தையே நினைவுச் சின்னமாக்கியவர்கள் இடைக்கால ஐரோப்பியப் பிரபுக்கள். 1376இல் இறந்த இங்கிலாந்தின் ‘கறுப்பு இளவரசர்’ எட்வர்டின் தலைக்கவசம், கையுறைகள், மேலங்கி எல்லாவற்றையும் கான்டர்பரி பேராலயத்தில் அவர் கல்லறைக்கு மேலே தொங்கவிட்டார்கள். இப்போது அங்கே தொங்குபவை நகல்கள். அசல் கண்ணாடிப் பேழைக்குள் பத்திரமாக இருக்கிறது. பிற்காலப் போர்க்களங்களில், தரையில் ஊன்றிய துப்பாக்கியின் மேல் கவிழ்த்த இரும்புத் தொப்பி சாதாரணச் சிப்பாய்க்கும் அதே மரியாதையைத் தந்தது.

பந்தயப் பாதைக்குக் கவசம் வந்த கதையில் ஒரு டாக்டர் வருகிறார். இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் மைதானத்தில் மோட்டார் சைக்கிள் வீரர்களின் உடைந்த மண்டைகளைப் பார்த்துச் சலித்த எரிக் கார்ட்னர், கித்தான் துணியில் அரக்கு பூசி இறுக்கிய ஒரு தொப்பியைச் செய்வித்தார். 1914இல் ஐல் ஆஃப் மேன் பந்தயத்தில் ஹெல்மெட் கட்டாயமானது. கிராண்ட் பிரீ கார்களுக்கு அது கட்டாயமாக 1952 வரை ஆயிற்று.

கவசம் வந்த பிறகு வண்ணம் வந்தது. பிரிட்டிஷ் வீரர் கிரஹாம் ஹில், தான் துடுப்புப் போட்ட லண்டன் படகு கிளப்பின் கருநீலத்தையும் வெள்ளைத் துடுப்புகளையும் தலையில் ஏற்றினார். 1975இல் விமான விபத்தில் அவர் இறந்த பிறகு, மகன் டேமன் அதே துடுப்புகளோடு பந்தயத்துக்கு வந்தார். 1968இல் அமெரிக்கர் டான் கர்னி முகம் முழுதும் மூடும் ஹெல்மெட்டை ஃபார்முலா ஒன்னுக்குக் கொண்டுவந்ததும், அடையாளம் காண ரசிகனுக்கு மிஞ்சியது பெயின்ட் மட்டுமே.

அப்படித்தான் சாவ் பாலோவின் பெயின்டர் சிட் மோஸ்காவுக்கு மவுசு வந்தது. 1979 உலக கோ-கார்ட் போட்டிக்காக சென்னாவின் ஹெல்மெட்டில் அவர் தீட்டியது பிரேசில் கொடியின் மஞ்சள், பச்சை, நீலம். நாட்டுக்கான நிறம், சென்னா கடைசிவரை கழற்றாததால் அவருடைய நிறமாகிவிட்டது.

இமோலாவில் உடைந்த சஸ்பென்ஷன் துண்டு ஒன்று அந்த ஹெல்மெட்டைத் துளைத்தது. காருக்குள் சுருட்டிவைத்த ஆஸ்திரியக் கொடி இருந்தது. முந்தைய நாள் இமோலாவிலேயே இறந்த ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்சன்பெர்கருக்காக, பந்தயம் முடிந்ததும் அதை விரிக்க சென்னா நினைத்திருந்தார். பிரேசில் மூன்று நாள் துக்கம் அறிவித்தது. சாவ் பாலோ தெருக்களில் லட்சக்கணக்கானோர் நின்றார்கள். சவப்பெட்டியைத் தாங்கியவர்களில் டேமன் ஹில்லும் ஒருவர். ராட்சன்பெர்கரின் இறுதிச் சடங்குக்குக் கூட்டம் சேரவில்லை. எல்லாரும் சென்னாவிடம் போனதால்தான் தான் சால்ஸ்பர்க் போனதாக சர்வதேச மோட்டார் கூட்டமைப்பின் அப்போதைய தலைவர் மாக்ஸ் மோஸ்லி பின்னாளில் சொன்னார். துக்கத்திலும் நட்சத்திர அந்தஸ்து உண்டு. எனக்கு அது உறுத்துகிறது. அடுத்த மொனாக்கோ பந்தயத்திலாவது முதல் வரிசையின் இரண்டு இடங்களையும் காலியாக விட்டு, தரையில் பிரேசில், ஆஸ்திரியக் கொடிகளைத் தீட்டினார்கள். சரிசமம்.

இமோலாவில் சென்னா அணிந்திருந்த ஹெல்மெட் எந்த அருங்காட்சியகத்துக்கும் போகவில்லை. 2002இல் அதைத் தயாரித்த பெல் நிறுவனத்திடம் திரும்பி, குடும்பத்தினர் முன்னிலையில் எரிக்கப்பட்டது. நகல்கள் மட்டும் பெருகின. 1995இல் பிரேசில் வீரர் பாரிக்கெல்லோ சொந்த ஊர்ப் பந்தயத்தில் தன் ஹெல்மெட்டோடு சென்னாவின் வண்ணத்தைச் சேர்த்துக்கொண்டார். ஆளாளுக்கு அடிக்கடி வண்ணம் மாற்றத் தொடங்கவே, யார் ஓட்டுகிறார் என்றே தெரியவில்லை என்று 2015இல் ஒரு சீசனுக்கு ஒரே வடிவம் என விதி போட்டார்கள். அதே ஆண்டு ஜூலையில் பந்தய வீரர் ஜூல்ஸ் பியாங்கி இறந்தார். அடுத்த ஹங்கேரிப் பந்தயத்தில் வீரர்கள் தங்கள் ஹெல்மெட்டுகளை ஓடுதளத்தில் வட்டமாக வைத்து, அவர் குடும்பத்தாரோடு தோள் சேர்த்து நின்றார்கள். அந்த ஒரே வடிவ விதி 2020இல் கைவிடப்பட்டது.

2017இல் மான்ட்ரியலில், சென்னாவின் 65 போல் பொசிஷன்களை (முதலிடத்திலிருந்து பந்தயம் தொடங்கும் தகுதி) சமன்செய்த லூயிஸ் ஹாமில்டனுக்கு சென்னா குடும்பத்தின் பரிசாக மஞ்சள் ஹெல்மெட் ஒன்றைக் கொடுத்தார்கள். சிறுவயதில் தானும் மஞ்சள் ஹெல்மெட் போட்ட ஹாமில்டன் அதைக் கையில் வாங்கிக்கொண்டு பேச வராமல் தடுமாறினார். அது நகல் என்றும் அசல் பிறகு வரும் என்றும் அப்புறம்தான் தெரிந்தது.