உலகப் பேரவைக் கனவும் கோவைத் தமிழரும்

போரை ஒழிக்க நாடுகள் யாவும் ஓர் அவையில் அமர்ந்து வழக்குரைத்தல் வேண்டும் என்னும் எண்ணம் இருபதாம் நூற்றாண்டில் பிறந்ததன்று. 1693ஆம் ஆண்டிலேயே வில்லியம் பென் என்னும் ஆங்கிலேயர், ஐரோப்பிய அரசுகளுக்கென ஒரு பொது நாடாளுமன்றத்தை வகுத்துக் காட்டினார். முதலிருக்கை யாருக்கு என்னும் பூசல் எழாதிருக்க மண்டபம் வட்டமாக அமைதல் வேண்டும். அதற்கு வாயில்கள் பல வேண்டும். வாக்குகள் மறைவாக அளிக்கப்படல் வேண்டும் என அவர் நுணுகி எழுதினார். எனினும் அவ்வவையில் அமர்வோர் அரசர்கள் அனுப்பும் தூதர்களே. குடிமக்கள் தேர்ந்தவர் அல்லர். 1795இல் செருமானிய மெய்யியலார் காண்ட் நிலைத்த அமைதிக்குத் தன்னுரிமை நாடுகளின் கூட்டிணைவே வழி என்றார். 1842இல் டென்னிசன் அக்கனவைக் கவிதையில் ஏற்றினார்.

கனவு 1920இல் சர்வதேச சங்கமாக உருப்பெற்றது. அடிமைப்பட்டிருந்த இந்தியாவும் அதன் தொடக்க உறுப்பினருள் ஒன்று என்பது வியப்புக்குரியது. இந்தியாவின் பெயரால் பேசுவோரைத் தேர்ந்தது ஆங்கில அரசே.

இம்முரண்பாட்டைக் கோவைப் பெருமகன் ஒருவரின் வாழ்வில் தெளிவாகக் காணலாம். 1892இல் கோவையில் பிறந்த ஆர். கே. சண்முகம் செட்டியார், 1933இல் மத்திய சட்டமன்றத்தின் தலைவரானார். 1934 தேர்தலில் தோல்வியுற்றார். உள்நாட்டு மன்றத்துள் நுழைய மக்கள் வாக்கு வேண்டியிருந்தது. உலக மன்றத்துள் நுழைய அது வேண்டப்படவில்லை. 1938இல் அவர் இந்தியப் பிரதிநிதியாக ஜெனீவா சென்றார். குறை அவருடையதன்று, அவையின் அமைப்பினுடையது.

அதே ஆண்டு செப்டம்பர் இறுதியில், முனிச் நகரில் நான்கு வல்லரசுகள் கூடிச் செக்கோஸ்லோவாகியாவின் நிலப்பகுதியைச் செருமனிக்கு ஈந்தன. நிலமிழந்த நாடு சங்கத்தின் உறுப்பினர்; ஆயினும் ஒப்பந்த மேசையில் அதற்கு இருக்கை இல்லை. ஓராண்டுக்குள் உலகப் போர் மூண்டது.

செட்டியார் 1944இல் 44 நாடுகள் கூடிய பிரெட்டன் வுட்ஸ் மாநாட்டிலும் இந்தியக் குழுவில் இடம்பெற்றார். 1947இல் விடுதலை இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். 1945இல் தோன்றிய ஐக்கிய நாடுகள் அவையின் பட்டயம் மக்களின் பெயரால் தொடங்குகிறது. எனினும் அங்கும் பேசுவோர் அரசுகளின் தூதரே. ஐந்து நாடுகளுக்கோ பாதுகாப்பு அவையில் தடுப்புரிமை உண்டு.

செட்டியார் சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்திற்கு உரை கண்ட தமிழறிஞருமாவார். அக்காப்பியத்தின் கண்ணகியை மதுரை அவைக்கு எவரும் தூதனுப்பவில்லை. தானே வாயிலில் நின்றாள்; தன் வழக்கைத் தானே உரைத்தாள்; அரசன் விடையிறுக்க நேர்ந்தது. பென் கண்ட வட்ட மண்டபத்திற்கு வாயில்கள் பல உண்டு. கண்ணகி நுழையத்தக்க வாயில் மட்டும் இன்னும் திறக்கப்படவில்லை.