மொய் நோட்டும் சங்கத்துக் கல்லாவும்

உத்திரமேரூர்ச் சுற்றுவட்டாரத்தில் ஏர் பிடித்தவருக்கு ஞாயிறும் புதனும் ஒன்றுதான். ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி வேன்கள் ஊருக்குள் வரத் தொடங்கிய பிறகே ஞாயிறு என்பது லீவு நாளானது. விசேஷங்களும் மெல்ல அந்த நாளுக்கு நகர்ந்தன. வளர்பிறை ஞாயிறு என்றால் இப்போது ஒரே வீடு மூன்றாகப் பிரிகிறது: அப்பா காஞ்சிபுரத்தில் கல்யாணத்துக்கு, அம்மா அக்கா வீட்டு மஞ்சள் நீராட்டுக்கு, பிள்ளை காதுகுத்துக்கு. ஒரு வீட்டு மொய்யையும் விட்டுவிடக் கூடாது.

பிரெஞ்சுக் கிராமத்துக் குடும்பத்துக்கும் சனி, ஞாயிறு ஓய்வு கிடையாது. பிள்ளையைக் கால்பந்து கிளப்பில் விட வேண்டும். பள்ளிப் பெற்றோர் சங்கத்துக்குக் கேக் சுட வேண்டும். ஊர்ப் பொதுக்கூடத்தில் லோட்டோ ஆட்டத்துக்கு நாற்காலி போட வேண்டும். ஆனால் அங்கே ஓடவைப்பது உறவுமுறை அல்ல, சங்கம். 1901 ஜூலை 1ஆம் தேதிச் சட்டப்படி, சங்கம் தொடங்க இரண்டு பேர் போதும். பிரான்ஸின் சுமார் 35,000 கம்யூன்களில் (ஊராட்சிகளில்) பாதிக்கு மேல் 500 பேர்கூட இல்லாத ஊர்கள். அங்கும் விழாக்குழு, வேட்டைச் சங்கம் என்று ஏதாவது இருக்கும்.

பரண் பொருட்களை விற்கும் ஞாயிற்றுச் சந்தையைப் பாருங்கள். விடியலிலேயே ஊர்க்காரர்கள் தெருவில் மேசை போட்டுப் பழைய தட்டு, பிள்ளைகளின் சைக்கிள், பொம்மைகளைப் பரப்புகிறார்கள். வியாபாரியல்லாத ஒருவர் ஆண்டுக்கு இரண்டு முறைதான் இப்படி விற்கலாம். விற்ற காசு அவரவருக்கு. மேசை போட மீட்டர் கணக்கில் கட்டும் தொகையும், பானக்கடை வருமானமும் சங்கத்துக்கு. அந்தப் பணத்தில் பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா போவார்கள்.

நம் மொய் மேசையில் இருவர்: ஒருவர் பணத்தை எண்ண, ஒருவர் எழுத. பிள்ளையார் சுழி, குலதெய்வத்தின் பெயர், பிறகு ஊர், தகப்பன் பெயர், தொகை. அந்த நோட்டு வீட்டுப் பீரோவில் பல வருஷம் இருக்கும். 501 வாங்கியவர் அதற்குக் குறைத்துத் திருப்பிச் செய்தால் பேச்சு வரும். வங்கிக்குப் போகாமலே ஒரு கல்யாணச் செலவைத் தாங்குகிற ஏற்பாடு அது. அதைக் கேலி செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அந்த வட்டம் சாதிக்குள், சம்பந்திகளுக்குள் முடிகிறது. ஐந்நூறு இலை போட்ட வீட்டுக்கு அதே ஊர்க் காலனியிலிருந்து எத்தனை பேர் வந்து சாப்பிட்டார்கள் என்று எந்த நோட்டும் சொல்லாது. பிரெஞ்சுச் சங்கத்தில் நேற்றுக் குடிவந்தவரும் சந்தா கட்டிச் சேரலாம். அங்கேயும் வேலை செய்ய முன்வருபவர்கள் கிழவர்களாகிக்கொண்டே போகிறார்கள் என்ற புலம்பல் உண்டு.

இதில் வேடிக்கை, குழு அமைத்து ஊர் வேலை பார்ப்பது உத்திரமேரூருக்குப் புதிதல்ல. முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) முப்பது குடும்புகளில் (வார்டுகளில்) குடவோலை எடுத்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் அமைத்ததைச் சொல்கின்றன. கணக்குக் காட்டாதவருக்கு மட்டுமல்ல, அவருடைய உறவினருக்கும் மறுபடி இடமில்லை. நிலமும் வேதக் கல்வியும் உள்ள ஆண்களுக்கு மட்டுமான சபை அது. அதைக் குடியாட்சியின் தொட்டில் என்று மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. இருந்தாலும் ஏரிக்கென்று அந்தச் சபை ஒரு குழு வைத்திருந்தது. இன்று மொய் நோட்டுக்கு இருக்கிற கறார் ஏரிக் கணக்குக்கு இல்லை.

பிரான்ஸில் ஊராட்சித் தேர்தல் வாக்குப்பதிவே ஞாயிற்றுக்கிழமைதான். ஏரிக் கணக்கைக் கேட்க வேண்டிய நம் கிராம சபை கூடுவது ஆண்டுக்கு ஆறு நாள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நான்கும் அரசு விடுமுறை. மார்ச் 22, நவம்பர் 1 பெரும்பாலும் வேலை நாளில் விழும். கம்பெனி வேனில் போகிறவர் வர முடியாது. இந்த இரண்டையும் அடுத்து வரும் முகூர்த்தமில்லாத ஞாயிறு மாலைக்கு மாற்ற அரசு உத்தரவிட வேண்டும்.