மேடு பள்ளத்தில் ஃபோர்க்லிஃப்ட் - ஒரு சிறு வரலாறு

குடோனின் சமமான தரையில் சரக்குத் தூக்கப் பிறந்த வண்டி ஃபோர்க்லிஃப்ட். அது சேற்றிலும் சரளைக் கல்லிலும் இறங்கிய கதை சுவையானது. அதே சமயம் பல உயிர்களைக் காவு வாங்கிய கதையும் கூட!

1917-ல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், வண்டி அச்சுகள் தயாரித்து வந்த கிளார்க் நிறுவனம், தன் தொழிற்சாலைக்குள் சரக்கு நகர்த்த 'டிரக்ட்ராக்டர்' என்ற வண்டியைச் செய்தது. பார்க்க வந்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, அதுவே வியாபாரமானது. இரண்டாம் உலகப் போரில் ராணுவச் சரக்குகளை பேலட்டுகளில் அடுக்கி ஏற்றி இறக்க ஃபோர்க்லிஃப்ட்கள் பெருமளவில் பயன்பட்டன.

ஆனால் கரடுமுரடான நிலத்தில் ஒரு சிக்கல். நான்கு சக்கரம் இருந்தாலும் சாதாரண ஃபோர்க்லிஃப்ட் நிற்பது மூன்று புள்ளிகளில்தான்: முன்சக்கரங்கள் இரண்டு, பின் அச்சின் நடுவிலுள்ள முளை ஒன்று. வண்டியும் சரக்கும் சேர்ந்த எடையின் மையம் இந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை ஆபத்தில்லை. சரக்கை உயரத் தூக்கிய நிலையில் ஒரு சக்கரம் குழியில் இறங்கினால் போதும், வண்டி சாய்ந்துவிடும்.

1958-ல் பிரான்சின் அன்செனி நகரைச் சேர்ந்த மார்செல் பிரோ இதற்கு வழி கண்டார். விவசாய டிராக்டரின் ஓட்டுநர் இருக்கையைத் திருப்பி வைத்து, பெரிய சக்கரங்கள் உள்ள பின்பக்கத்தில் தூக்கும் கம்பத்தைப் பொருத்தினார். மனிடூ வண்டிகள் இப்படித்தான் பிறந்தன. 1977-ல் இங்கிலாந்தின் ஜேசிபி நிறுவனம், நீளும் கை கொண்ட 'லோடால்' வண்டியை அறிமுகப்படுத்தியது.

இயந்திரம் வேகமாக வளர்ந்தது. பாதுகாப்பு விதிகளோ மெதுவாகத்தான் வந்தன. ஓட்டுநருக்குப் பயிற்சி வேண்டும் என்று சுருக்கமாகச் சொல்லியிருந்த அமெரிக்க அரசு, என்னென்ன கற்பிக்க வேண்டும் என்று விரிவாக வகுத்தது 1998 டிசம்பரில்தான். ஓடும் தரையின் தன்மையும் அந்தப் பாடங்களில் ஒன்று. மூன்று ஆண்டுக்கு ஒருமுறையாவது ஓட்டுநரின் திறனை மதிப்பிட வேண்டும் என்றும் அது கூறியது.

அனுபவம் கற்றுத் தந்த பாடங்கள் எளிமையானவை. வண்டியை இறக்குமுன் நிலத்தை நடந்து பார்க்க வேண்டும். சரக்கைத் தாழ்வாக வைத்தே ஓட்ட வேண்டும். சரிவில் சரக்கு எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். அங்கே வண்டியைத் திருப்பவே கூடாது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி சாய்ந்தால் குதிக்கக் கூடாது. குதித்தவர்கள் பலர் வண்டியின் மேல்கூரைக்கு அடியில் நசுங்கி இறந்திருக்கிறார்கள். சீட் பெல்ட்டோடு ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, சாயும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் சாய வேண்டும்.

பயிற்சிக்கு ஆகும் சில நாள் கூலியை வீண்செலவு என்று நினைக்கும் முதலாளிகள் உண்டு. உடைந்த சரக்குக்குக் கணக்கு எழுதிவிடலாம். போன உயிரை எந்தப் பேரேட்டில் எழுதுவது?