கோச் வராத பருவம்

2015 ஜூன் 17 இரவு. அமெரிக்காவின் தென் கரோலினாவில், சார்ல்ஸ்டன் நகரின் இம்மானுவேல் ஆலயத்தில் வேதபாட வகுப்பு. கறுப்பினத்தாரின் பழம்பெரும் ஆலயம் அது. ஒரு வெள்ளை இளைஞன் வந்தான். உட்கார இடம் கொடுத்தார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடவே இருந்துவிட்டு ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். இறந்தவர்களில் ஒருவர், பக்கத்து ஊரான கூஸ் கிரீக்கின் பள்ளியில் பெண்கள் தடகள அணிக்குப் பயிற்சியாளர்.

2019 மார்ச் 15, வெள்ளிக்கிழமை மதியத் தொழுகை. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் இரண்டு மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் சிறுவர்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்த 24 வயதுப் பயிற்சியாளர் ஒருவரும் இருந்தார். அவர் படித்த பள்ளி, அன்று தன் மாணவர்கள் இருவரை இழந்தது. அதில் ஒருவன் 14 வயது கோல்கீப்பர்.

இரண்டையும் அருகருகே வைத்தால் முதலில் கண்ணில் படுவது நாள்காட்டி. ஜூன் என்றால் தென் கரோலினாவில் கோடை விடுமுறை. ஓட்டப் பந்தயங்கள் முடிந்து, பிள்ளைகள் வீட்டோடு இருக்கும் காலம். கோச் இல்லாத தடத்தில் இறங்கி முழுப் பருவமும் ஓட, அந்தப் பெண்கள் அடுத்த வசந்தம் வரை காத்திருக்க வேண்டும். கிறைஸ்ட்சர்ச்சிலோ மார்ச் முடியும்போதே குளிர்காலக் கால்பந்து தொடங்கிவிடும். அழுது முடிப்பதற்குள் ஆட்டம் வந்து நிற்கும். கோல்கீப்பர் இடத்தைக் காலியாக விட்டு ஆட முடியாது. யாராவது ஒரு பையன் கையுறை மாட்டிக்கொண்டு அந்தக் கம்பங்களுக்கு நடுவில் போய் நின்றாக வேண்டும். தடகளத்துக்கும் கால்பந்துக்கும் உள்ள வித்தியாசம்கூட துக்கத்தில் இப்படி ஒரு கணக்காகிவிடுகிறது.

ஆனால் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, ஆறுதல் சொல்லும் வேலை யார் தலையில் விழுந்தது என்பது. சார்ல்ஸ்டனில் கொல்லப்பட்ட பயிற்சியாளரின் மூத்த மகன் கிறிஸ் சிங்கிள்டன் அப்போது கல்லூரி பேஸ்பால் வீரர், வயது 18. தாய் இறந்து ஒரு நாள்கூட ஆகவில்லை. கேமராக்களுக்கு முன் நின்று, வெறுப்பைவிட அன்பே பெரியது என்றார். மறுநாள் நீதிமன்றத்தில், வீடியோத் திரையில் தெரிந்த கொலைகாரனைப் பார்த்து, பலியானவர்களின் உறவினர் சிலர் மன்னித்துவிட்டதாகச் சொன்னார்கள். நாடே நெகிழ்ந்தது. அந்த நெகிழ்ச்சியில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் உண்டு. தாயைப் பறிகொடுத்த பையன் ஊருக்கு ஆறுதல் சொன்னால், பையனுக்கு யார் சொல்வது? அவர் பேசியதில் குறையில்லை, நம்பியதைத்தான் பேசினார். அந்தப் பேச்சுக்காக ஊர் காத்திருந்த விதம்தான் உறுத்துகிறது.

கிறைஸ்ட்சர்ச்சில் பிள்ளைகளே அந்த நாளுக்குள் அகப்பட்டிருந்தார்கள். பருவநிலை மாற்றத்துக்கு எதிரான மாணவர் பேரணி அன்றுதான் நடந்தது. பள்ளிக் கதவுகள் பூட்டப்பட்டு, மணிக்கணக்கில் உள்ளேயே கிடந்தார்கள். மூன்று நாள் கழித்து, அல் நூர் மசூதிக்கு அருகே வெவ்வேறு பள்ளி மாணவர்கள் கூடி ஹாக்கா ஆடினார்கள். தொடையில் அறைந்து, தரையை மிதித்து, தொண்டை கிழியக் கத்தும் மாவோரி ஆட்டம். ரக்பி அணிகளால் உலகத்துக்குத் தெரிந்த அது, சாவு வீட்டிலும் ஆடப்படுவது. அதில் மன்னிப்பு கேட்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். நம் பக்கத்துப் பறையைப் போல, துக்கத்தை உடம்பிலிருந்து இறக்கும் வழி. பேச வராத பதினைந்து வயதுக்கு அது பெரிய உதவி. 2020 ஆகஸ்டில் நான்கு நாள் நடந்த கொலைகாரனின் தண்டனை விசாரணையில் பலியானவர்களின் உறவினர் சிலர் மன்னித்தார்கள். பலர் மன்னிக்க மாட்டோம் என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள்.

பெரியவர்களும் ஏதோ செய்தார்கள். கிறைஸ்ட்சர்ச்சின் ரக்பி அணிக்குப் பெயரே ‘க்ரூசேடர்ஸ்’, சிலுவைப் போராளிகள். ஆட்டத்துக்கு முன் வாளேந்திக் குதிரையில் வலம் வருவதை நிறுத்தினார்கள், சின்னத்தை மாற்றினார்கள், பெயரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். அரை மனது என்றுதான் சொல்வேன். தென் கரோலினாவில் அடிமை முறைக்காகப் போரிட்ட கூட்டமைப்பின் கொடி, கொலை நடந்து ஏறக்குறைய மூன்றே வாரத்தில் சட்டமன்ற வளாகத்திலிருந்து இறங்கியது.

எல்லாத் திருத்தமும் இவ்வளவு சீக்கிரம் வருவதில்லை. அதே சார்ல்ஸ்டனில் 1955-இல் கேனன் தெரு ஒய்.எம்.சி.ஏ. என்ற சிறுவர் பேஸ்பால் அணி இருந்தது. எல்லோரும் கறுப்பினப் பிள்ளைகள். அவர்களோடு ஆட மாட்டோம் என்று வெள்ளை அணிகள் மொத்தமாக விலகின. யாரையும் மைதானத்தில் வென்று வரவில்லை என்ற விதியைக் காட்டி, அடுத்த சுற்றுக்கும் விடவில்லை. பென்சில்வேனியாவின் வில்லியம்ஸ்போர்ட்டில் நடந்த சிறுவர் பேஸ்பால் உலகத் தொடருக்கு விருந்தினராக மட்டும் அழைத்தார்கள். பந்து பிடித்துப் பயிற்சி செய்துவிட்டு, அவர்கள் பார்வையாளர் இருக்கையில் போய் உட்கார வேண்டியதாயிற்று. ஆடவிடு என்று பார்வையாளர்கள் கத்தினார்கள். அந்தப் பிள்ளைகளுக்குரிய மாநிலச் சாம்பியன் பதாகை கைக்கு வந்தது 2002-இல். அதை வாங்கிய சிறுவர்கள் அறுபதை நெருங்கியிருந்தார்கள்.